ஊடல் கொண்டு மலையேறிய பெருமாள்

நீலகிரியின் கிழக்கு விளிம்பில், கோத்தகிரியையும் கோடநாட்டையும் கடந்து நோக்கினால், கூம்பு போலத் தனித்து நிற்கும் ஒரு சிகரம் கண்ணில் படும். ரங்கசாமி மலை என்பது அதன் பெயர். உயரம் 1,785 மீட்டர். அதன் அருகே, எவரோ நட்டுவைத்தது போல் சுமார் 400 அடிக்கு எழுந்து நிற்கிறது ஒற்றைப் பாறை. அதனை ரங்கசாமி தூண் என்பார்கள். நீலகிரி மலைகளுள் மிகப் புனிதமானது என்று போற்றப்பட்ட சிகரம் இது.

அரங்கன் இந்த மலைக்கு எப்படி வந்தான்? மலைமக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விடை வியப்பானது. அவன் இங்கே அசுரனை வதைக்க வரவில்லை. முனிவருக்கு வரமளிக்கவும் வரவில்லை. கீழே சமவெளியில், மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் இடையில் உள்ள காரமடையில் தேவியோடு குடியிருந்தானாம். ஒரு நாள் இருவருக்கும் பிணக்கு. கோபித்துக்கொண்டு புறப்பட்டவன், தன்னந்தனியாக மலையேறி இங்கே வந்து அமர்ந்துவிட்டானாம். அவன் நடந்து வந்ததற்குச் சாட்சியாக, சிகரத்தின் அடிவாரத்தில் அரக்கோடு கிராமத்துக்கு அருகே, பாறையில் பதிந்த இரண்டு பாதச்சுவடுகளையும் காட்டினார்கள்.

இக்கதையைக் கேட்கும் குழந்தை உடனே கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: “சாமி கூடவா சண்டை போடும்?”

பல இல்லங்களில் இக்கேள்விக்கு, “சாமியைப் பற்றி அப்படியெல்லாம் பேசக்கூடாது” என்ற அதட்டலே பதிலாகிறது. ஆனால் அந்தக் கேள்வியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. நம் முன்னோர் ஏன் தெய்வத்துக்கும் கோபத்தைக் கொடுத்தார்கள்? வீரனுக்கு ஏன் தடுமாற்றத்தையும், அரக்கனுக்கு ஏன் ஒரு நியாயத்தையும் வைத்தார்கள்? குறையே இல்லாத ஒருவரைப் பற்றிய கதை ஏன் மனத்தில் தங்குவதில்லை? நீலகிரியின் மலைகளும் அங்குள்ள கதைகளும் இவற்றுக்கு விடை சொல்லக் காத்திருக்கின்றன.

தீபம் ஏற்றிய சிகரம்

1908-ஆம் ஆண்டில் வெளிவந்த நீலகிரி மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, ரங்கசாமி மலையில் அந்நாளில் நடந்த விழாவை விவரித்திருக்கிறார். உச்சியில் கோபுரமோ மண்டபமோ இல்லை. கல் அடுக்கிய இரண்டு சுற்றுச்சுவர்கள். அவற்றுள் ஒன்று அரங்கனுக்கு, மற்றொன்று தேவிக்கு. மூர்த்தங்களாக இரண்டு கற்கள். பரம்பரைப் பூசாரி இருளர் குலத்தவர். விழா நாளைக் குறிப்பவர்கள் படுகர்கள். பூசாரி உச்சிக்குக் கீழே உள்ள சுனையில் நீராடி, “கோவிந்தா, கோவிந்தா” என முழங்கியபடி மேலேறுவார். படுகரும் இருளரும் குறும்பரும் அந்த முழக்கத்தை ஏற்றுக் குரல் கொடுப்பார்கள். பூசாரி சங்கு ஊதி, பறையடித்து, கற்களுக்கு அபிஷேகம் செய்து மலர் சூட்டுவார். இரவில், உச்சிப் பாறையில் உள்ள இரண்டு கல் தொட்டிகளில் நெய் நிரப்பித் தீபம் ஏற்றுவார்கள். அந்த வெளிச்சம் பல மைல் தூரத்துக்குத் தெரியுமாம். மழை வேண்டியும், கால்நடைகள் பெருக வேண்டியும் பிரார்த்தித்து, பாலில் பொங்கல் வைத்து விழாவை நிறைவு செய்வார்கள்.

இவ்வளவையும் எழுதிய பிரான்சிஸ், ஊடல் கதையைப் பற்றி ஒரு சந்தேகத்தையும் எழுப்புகிறார். காரமடைத் தேர்த் திருவிழாவுக்கு மலையிலிருந்து இறங்கிச் சென்று திரும்புவது கடினம். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கவே மலைமக்கள் இப்படி ஒரு கதையைப் புனைந்துகொண்டிருக்கலாம் என்பது அவர் கருத்து.

அப்படியே இருக்கட்டும். பெருமாள் தங்கள் மலைக்கு வந்துவிட்டார் என்று சொல்ல மலைமக்களுக்கு ஆயிரம் காரணங்கள் கிடைத்திருக்கும். தவம் செய்ய வந்தார் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பக்தியை மெச்சி வந்தார் என்று பெருமை பேசியிருக்கலாம். அவர்கள் தேர்ந்தெடுத்ததோ, வீட்டில் மனம் கசந்து எழுந்து நடந்த ஒரு கணவனின் கதையை. ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த கதை. கோபித்துக்கொண்டு காட்டுக்குள் போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்தவர்கள் அவர்களிடையேயும் இருந்திருப்பார்கள். கல்லில் பதிந்த அந்த அடிச்சுவட்டில் அவர்கள் தங்கள் பாதத்தையும் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கோபித்துக்கொண்டு தனியே வந்தவனுக்குத்தான் அந்த மலை. ஆனால் உச்சியில் சுற்றுச்சுவர் ஒன்றல்ல, இரண்டு. பூச்சூட்டிய கற்களும் இரண்டு. கோபத்தைச் சொன்ன கதை, பிரிவை நிரந்தரமாக்க மனம் கொள்ளவில்லை.

பிணக்கும் இணக்கும்

காரமடைக் கோயிலிலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே அரங்கநாதர் சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறார். தாயார் உறைவது அருகில் உள்ள பெட்டத்தம்மன் மலையில் என்பது நம்பிக்கை. பெட்ட என்றால் மலை. மாசித் திருவிழாவின்போது, திருக்கல்யாணத்துக்கு முன்னதாகப் பெட்டத்தம்மன் அழைப்பு நடைபெறும். மலையில் இருப்பவளை முறைப்படி அழைத்து வந்த பிறகே கல்யாணம், பிறகே தேர். உறவு என்பது தானாகவே நிலைத்திருப்பதன்று, ஒவ்வோர் ஆண்டும் அழைத்துப் புதுப்பிக்க வேண்டியது என்பதை இச்சடங்கு சொல்லாமல் சொல்கிறது.

திருவரங்கத்தில் பங்குனி மாதத்தில் நடைபெறும் மட்டையடி உற்சவத்தைக் கண்டவர்கள் இதை நன்கு அறிவார்கள். உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்பும் நம்பெருமாளுக்கு ரங்கநாயகித் தாயார் கதவடைக்கிறாள். பூவும் பழமும் பறக்கின்றன. பெருமாள் வாசலில் நிற்கிறார். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்கிறார். அதன் பின்பே பங்குனி உத்திரச் சேர்த்தி. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல் நடைபெறுகிறது. அதற்கென்று ஒரு வீதியே அங்கு உண்டு.

ஆகமமும் மரபும் வழுவாத பெருங்கோயில்களே இறைவனின் ஊடலை மறைக்காமல் வீதிக்குக் கொண்டுவந்து காட்டுகின்றன. இதனால் இறைவனின் பெருமை குறைந்ததா? இல்லை. வாசலில் நிற்கும் பெருமாளைக் காணும் முதியவர் ஒருவர், தம் இளமையில் தாம் செய்த ஒரு தவற்றை எண்ணிக்கொள்கிறார். கதவடைத்து நிற்கும் தாயாரைக் காணும் மூதாட்டிக்கு, தாம் வாய்திறந்து கேட்காமல் விட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வருகிறது. இருவரும் கைகூப்புகிறார்கள். குணங்களின் பட்டியல் வியப்பைத் தரலாம். நெருக்கத்தைத் தருவது இப்படி ஒரு கணம்தான்.

அழுகுரல் கேட்ட வீடு

ரங்கசாமி மலையிலிருந்து தென்மேற்கே குன்னூர்ப் பக்கம் சென்றால், தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பால், ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், சிதைந்த கோட்டைச் சுவர் ஒன்றைத் தாங்கி நிற்கிறது இன்னொரு மலை. அருகில் உள்ள புலிக்கல் கிராமத்தின் பெயரால் புலிக்கல் துருக்கம் என்று வழங்கிய அது, பதினெட்டாம் நூற்றாண்டில் திப்பு சுல்தானின் காவல் நிலையாகவும் இருந்தது. ஆனால் மக்கள் நாவில் அதன் பெயர் பகாசுரன் கோட்டை, பகாசுரன் மலை. பீமனோடு பொருது மாண்ட அசுரனின் பெயர் இங்கே ஒரு சிகரத்துக்கு வாய்த்திருக்கிறது.

பகாசுரன் கதையைப் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லாத தாத்தா பாட்டி அரிது. வண்டி நிறையச் சோறு, அதை அசுரனுக்குக் கொண்டுபோகாமல் தானே உண்ணும் பீமன், முதுகில் விழும் அடிகளைப் பொருட்படுத்தாமல் கவளம் கவளமாக விழுங்கும் அவன் சாவதானம். குழந்தைகள் குலுங்கிச் சிரிக்கும் இடம் அது. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில், பீமன் வேடமிட்டவர் சோற்று வண்டியில் தெருத்தெருவாக வரும் காட்சிக்கு இன்றும் கூட்டம் கூடுகிறது.

ஆனால் வியாசர் கதையைச் சோற்று வண்டியிலிருந்து தொடங்கவில்லை. ஓர் அழுகுரலிலிருந்து தொடங்குகிறார்.

அரக்கு மாளிகையிலிருந்து தப்பிய பாண்டவர்கள், ஏகசக்கரம் என்னும் ஊரில் ஓர் அந்தணர் வீட்டில் மறைந்து வாழ்கிறார்கள். ஒரு நாள் மற்றவர்கள் பிச்சைக்குப் போயிருக்க, குந்தியும் பீமனும் மட்டும் வீட்டில் இருக்கிறார்கள். உள்ளேயிருந்து அழுகை கேட்கிறது. குந்தி சென்று பார்க்கிறாள். அசுரனுக்கு ஆள் அனுப்பும் முறை அன்று அந்த வீட்டுக்கு வந்திருக்கிறது.

வீட்டுத் தலைவர் புலம்புகிறார். இந்த ஊரை விட்டுப் போய்விடலாம் என்று முன்பே சொன்னேனே, பிறந்த வீட்டாரை விட்டு வரமாட்டேன் என்றாயே என்று மனைவியைக் குறை சொல்கிறார். அடுத்த கணமே, உன்னை எப்படி அனுப்புவேன் என்று உருகுகிறார். மகளை அனுப்ப மனமில்லை. மகனை அனுப்ப மனமில்லை. தாமே போனால் இவர்கள் கதி என்ன என்ற அச்சம். எல்லாருமாகச் செத்துவிடலாம் என்கிறார். இவர் கோழையா? பொறுப்புள்ள தந்தையா? இரண்டும்தான். தியாகத்துக்குத் துணிவும் அதே மூச்சில் தயக்கமும் கொண்ட ஒரு குடும்பத் தலைவர்.

மனைவி, தான் போகிறேன் என்கிறாள். பெற்றுத் தர வேண்டிய மக்களைப் பெற்றுத் தந்தாயிற்று, இனி என் கடமை முடிந்தது என்கிறாள். மகளோ, எப்படியும் ஒரு நாள் பிறர் வீட்டுக்குக் கொடுக்கப்பட வேண்டியவள்தானே நான், இன்றே கொடுத்துவிடுங்கள் என்கிறாள். இதைக் கேட்கும் எந்தத் தந்தையின் நெஞ்சும் சுடும். அப்போது, பேச்சுக்கூடத் திருந்தாத சின்னஞ்சிறு மகன் ஒரு புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, இதனாலேயே அந்த அசுரனைக் கொல்வேன் என்று மழலையில் சொல்கிறான். அழுதுகொண்டிருந்தவர்கள் அனைவரும் சிரித்துவிடுகிறார்கள்.

அந்தச் சிரிப்பு எழும் நேரத்தில்தான் குந்தி அருகில் செல்கிறாள். தன் ஐந்து மக்களில் ஒருவனை அனுப்புகிறேன் என்கிறாள். செய்தி அறிந்து வீடு திரும்பிய தருமபுத்திரன் வெகுண்டு தாயைக் கடிந்துகொள்கிறான். எவன் தோள்வலியை நம்பி நாம் உறங்குகிறோமோ, அவனையா பலியிடத் துணிந்தாய் என்பது அவன் வாதம். குந்தி தளரவில்லை. அடைக்கலம் தந்த வீட்டுக்கு நன்றி செலுத்தாமல் இருப்பது மனிதத்தன்மை ஆகாது என்கிறாள். அதே வேளையில் அவள் கண்மூடித்தனமாகவும் முடிவெடுக்கவில்லை. பிறந்த சில நாட்களில் தன் மடியிலிருந்து தவறி விழுந்த பீமனின் உடல்பட்டுப் பாறை நொறுங்கியதை நினைவூட்டுகிறாள். அவள் தியாகி மட்டுமல்லள், தன் மகனின் வலிமையை அளந்து வைத்திருக்கும் தாயும்கூட.

தருமன் பேசியது தவறா? குந்தி பேசியது தவறா? இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கேட்பவர் தாமே நிறுத்துப் பார்க்க வேண்டிய இடம் இது. பீமன் பகாசுரனைக் கொன்றது ஒரு கணத்தில் முடிந்த செயல். அந்த வீட்டின் வாதமோ, அவ்வளவு நூற்றாண்டுகளுக்குப் பிறகும், முறை வரும் ஒவ்வொரு வீட்டிலும் தொடர்ந்துகொண்டிருக்கிறது. நோயுற்ற பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது, படிப்பை விட்டு வேலைக்குப் போவது யார் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் அது ஏகசக்கரத்து வீடுதான்.

அரக்கனுக்கும் ஒரு பக்கம்

வியாசர் பகாசுரனையும் வெறும் வயிறாகப் படைக்கவில்லை. அந்நாட்டு அரசன் திறமற்றவன். குடிகளைக் காக்கும் வல்லமை அவனுக்கு இல்லை. பகையும் பிற பூதங்களும் அண்டாமல் நாட்டைக் காவல் செய்தவன் பகாசுரனே. அந்தக் காவலுக்குக் கூலியாகத்தான் ஒரு வண்டிச் சோறும், இரண்டு எருமைகளும், அவற்றைக் கொண்டுவரும் மனிதனும் அவனுக்குச் சென்றன. குற்றம் அசுரனிடம் மட்டும்தானா, கடமையைக் கைவிட்ட அரசனிடமும் இல்லையா என்று கதை மெல்லக் கேட்கிறது. காவலன் தூங்கினால் அரக்கன் காவலனாவான் என்ற இந்தச் செய்தி, அசுரனைக் கொடியவன் என்று மட்டும் சொல்லி முடித்திருந்தால் கிடைத்திராது.

கும்பகருணனைத் தமிழ் உலகம் மறக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு இடித்துரைத்தவன் அவன். அறம் எந்தப் பக்கம் என்று அறிந்தவன். ஆயினும் உண்ட சோற்றுக்கும் உடன்பிறப்புக்கும் கடன்பட்டு, தோற்கப்போகும் போருக்குத் தெரிந்தே செல்கிறான். வீடணனோ அறத்தை நாடி இராமனிடம் வருகிறான். சரண் புகுந்தவனைக் கும்பிடும் நாம், களத்தில் விழுந்தவனுக்காகவும் கண் கலங்குகிறோம். அந்தக் கண்ணீரே, அறம் எளிதானதன்று என்று நமக்குக் கற்றுத் தரும் பாடம்.

பாட்டியே தெய்வமான மலை

நீலகிரியின் படுகர் சமுதாயத்தினர் போற்றி வணங்கும் ஹெத்தையம்மனை நினைக்கும்போது இக்கருத்து இன்னும் தெளிவாகும். ஹெத்தை என்ற சொல்லுக்குப் பாட்டி, மூதாட்டி என்று பொருள். தங்கள் குலத்தில் பிறந்து இம்மண்ணில் வாழ்ந்த ஒரு பெண்ணே தெய்வமாக விளங்குகிறாள் என்பது அவர்களின் நம்பிக்கை. மார்கழி, தை மாதங்களையொட்டி, கோத்தகிரிக்கு அருகிலுள்ள பேரகணியிலும் மற்ற ஊர்களிலும் ஹெத்தையம்மன் திருவிழா நடைபெறும். வெண்ணிற ஆடை உடுத்தி, ஹட்டிகள் எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து பக்தர்கள் நடந்தே வருவார்கள். பனி கொட்டும் அந்த நாட்களில், மலைச்சரிவின் தேயிலைப் பசுமைக்கு நடுவே வெள்ளை வரிசை அசைந்து வரும்.

அரண்மனையில் பிறந்தவளையோ வாளேந்தியவளையோ தேடிப் போகாமல், தங்கள் வீட்டு அடுப்பங்கரையிலும் வயலிலும் நின்ற ஒரு மூதாட்டியைத் தெய்வமாகக் கண்ட சமுதாயம் அது. வாழ்ந்த பெண் என்பதால் அவளுக்குப் பசி தெரியும், குளிர் தெரியும், பிள்ளைகளின் பிணக்கு தெரியும் என்ற உறுதி பக்தர்களுக்கு உண்டு. அதனால்தான் அவளிடம் எதையும் சொல்ல முடிகிறது.

தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களிடமும் இப்படி ஒரு கதை இருந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், இலங்கையின் மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வாழ்வளிக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அந்த மக்கள் இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக ஆடிவந்தது காமன் கூத்து. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான். கூத்தின் உச்சமோ ரதியின் புலம்பல். கணவனை இழந்த அந்தப் பெண், ஈசனிடமே நியாயம் கேட்கிறாள். இறுதியில் ஈசன் இரங்கி மன்மதனை உயிர்ப்பிக்கிறார். கடவுளிடம் கேள்வி கேட்கும் ஒருத்தியைக் கூத்திலே வைத்து, அவள் கண்ணீருக்குக் கடவுளையே இறங்கிவரச் செய்த மரபு அது. கடல் கடந்து போனவர்களும் திரும்பி வந்தவர்களும் தங்கள் இழப்பை ரதியின் குரலில் கேட்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

மலையிலேயே வாழ்ந்து எழுதியவர்

பழங்கதைகளில் மட்டுமன்றி, நம் காலத்தில் எழுதப்பட்ட கதையிலும் இந்த வழி தொடர்ந்ததற்கு நீலகிரியிலேயே சான்று உண்டு. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன், 1925-இல் முசிறியில் பிறந்தவர். மின்பொறியாளரான கணவரின் பணி நிமித்தம் நீலகிரியில் வாழ நேர்ந்தபோது, படுகர் மக்களோடு பழகி, அவர்களின் வாழ்க்கையை அருகிலிருந்து அறிந்து எழுதிய நாவல் ‘குறிஞ்சித் தேன்’. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு வயதைக் கணக்கிடும் மலைவாழ்வில் தொடங்கி, தினை விளைந்த நிலம் தேயிலைக்கு மாறுவதையும், பின்னர் நீர்மின் திட்டத்துக்காக நிலம் கைமாறுவதையும் தலைமுறைகளின் வழியே அது சொல்கிறது.

அந்நாவலில் மண்ணை நம்பி வாழும் ஜோகி வருகிறான். பணத்தின் பின்னே நகரத்தை நாடும் ரங்கன் வருகிறான். ஒருவனை நல்லவன், மற்றவனைத் தீயவன் என்று பிரித்து வைப்பது எளிது. ராஜம் கிருஷ்ணன் அப்படிச் செய்யவில்லை. ரங்கனின் ஆசைக்குப் பின்னால் உள்ள ஏக்கத்தையும், ஜோகியின் உறுதிக்குள் உறையும் வேதனையையும் சேர்த்தே காட்டுகிறார். மாற்றம் வரும்போது சிலர் அதன் பின்னே ஓடுகிறார்கள், சிலர் பழையதைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இரு சாராரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், 2014-இல் மறைந்தார். உப்பளத் தொழிலாளரைப் பற்றி எழுதத் தூத்துக்குடிக்குச் சென்றார். கொள்ளையராயிருந்து மனம் திருந்தியவர்களைப் பற்றி எழுதச் சம்பல் பள்ளத்தாக்குக்குச் சென்றார். எழுதப்போகும் மனிதர்களின் வாசலில் போய் நின்று, அவர்கள் பேசுவதைக் கேட்ட பிறகே எழுதுவது அவர் வழக்கம். குந்தியும் அதைத்தானே செய்தாள்? அழுகுரல் கேட்டதும் தீர்ப்புச் சொல்லவில்லை. உள்ளே சென்று, ஒவ்வொருவர் சொல்வதையும் முழுவதும் கேட்டாள். பிறகே பேசினாள். ஒரு மனிதரைக் கதையில் உயிரோடு நிறுத்த விரும்புபவருக்கு வேண்டிய முதல் தகுதி இந்தக் காது.

திண்ணைகளில் மிஞ்ச வேண்டியது

இதெல்லாம் எழுத்தாளர்களுக்கும் உபந்நியாசகர்களுக்கும் உரிய செய்தி என்று ஒதுக்கிவிடலாகாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதைசொல்லி உண்டு. பேரனோ பேத்தியோ மடியில் வந்து அமரும் நேரம் முன்னைப்போல் நீண்டதாக இல்லை. பள்ளி, பாடம், கைப்பேசி இவற்றுக்கிடையே கிடைப்பது சில நிமிடங்கள். அந்த அவசரத்தில் கதைகள் சுருங்கிவிடுகின்றன. கைகேயி கெட்டவள், கும்பகருணன் தூங்குமூஞ்சி, தருமர் பொய்யே சொல்லாதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுத்த கதை குழந்தையின் மனத்தில் ஓர் இரவுக்கு மேல் தங்குவதில்லை.

கைகேயி, இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தியைக் கேட்டதும் முதலில் மகிழ்ந்தாள். செய்தி சொன்ன கூனிக்கு அணிகலனைப் பரிசாக அளித்தாள். இராமன்மேல் அவளுக்கு இருந்த அன்பு பொய்யன்று. அத்தகைய மனத்தையும் ஒரு மாலைப் பொழுதின் பேச்சு திருப்பிவிட்டது என்று சொல்லும்போதுதான், யாருடைய பேச்சைக் கேட்கிறோம் என்பதில் எவ்வளவு விழிப்பு வேண்டும் என்று குழந்தைக்குப் புரியும். தருமர் போர்க்களத்தில், அசுவத்தாமன் இறந்தான் என்ற மயக்கமொழியைச் சொன்னார். அதுவரை நிலத்தைத் தொடாமல் நான்கு அங்குல உயரத்தில் ஓடிய அவரது தேர், அந்தக் கணம் மண்ணில் இறங்கியது. அதன் பிறகும் அவர் தருமபுத்திரரே. ஆனால் அன்று முதல் அவர் நம்மைப் போல் மண்ணில் நடப்பவர். தவறிவிட்ட ஒருவரும் அறத்தின் வழியில் தொடர்ந்து நடக்கலாம் என்ற ஆறுதலை, ஒருபோதும் தவறாத ஒருவரால் தர முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. குறையைச் சொல்வது வேறு, குறையை நியாயப்படுத்துவது வேறு. வியாசர் தருமரின் தேரை மண்ணில் இறக்கினார், தப்பவிடவில்லை. கும்பகருணனுக்காக அழவைத்த இராமாயணம் இராவணனின் செயலைச் சரியென்று சொல்லவில்லை. அன்போடு சொல்லப்படும் குறைக்கும், ஏளனமாகச் சொல்லப்படும் குறைக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகள் குரலிலேயே கண்டுகொள்வார்கள்.

கதை சொல்லும் பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும்போதும் இது பொருந்தும். தேர்வில் தோற்றதையும், தம்பியோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்ததையும், பிறகு யார் முதலில் பேசினார்கள் என்பதையும் மறைத்துவிட்டு, வெற்றிகளை மட்டும் அடுக்கினால், பேரக்குழந்தையின் கண்ணில் தாத்தா சுவரில் மாட்டிய படமாகிவிடுவார். தடுமாறியதையும் எழுந்ததையும் சேர்த்துச் சொல்பவர், நாளை அந்தக் குழந்தை தடுமாறும்போது நினைத்துக்கொள்ளும் துணையாவார்.

ஆகவே, “சாமி கூடவா சண்டை போடும்?” என்று குழந்தை கேட்டால் அதட்ட வேண்டியதில்லை. ஆமாம், ஒரு நாள் கோபித்துக்கொண்டு மலையேறிப் போய்விட்டார் என்று சொல்லலாம். பாறையில் பதிந்த காலடியைச் சொல்லலாம். காரமடையில் தாயாரை அழைத்து வந்து நடக்கும் கல்யாணத்தைச் சொல்லலாம். பிறகு, கோபித்துக்கொண்டு போனவர் தனியாக இருக்க வேண்டாம் என்று மலைமக்கள் உச்சியில் இரண்டு கற்களை வைத்து, இரண்டுக்கும் பூச்சூட்டி, இரண்டு தொட்டிகளில் நெய் வார்த்து விளக்கேற்றியதையும் சொல்லலாம்.

அந்த வெளிச்சம் பல மைல் தூரத்துக்குத் தெரிந்ததாம்.